தரையை விடாத சக்கரம்

ஷாக் அப்சார்பர் என்று நாம் வழங்கும் கருவிக்கு அந்தப் பெயர் பொருந்துவதில்லை. வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். மேட்டிலும் பள்ளத்திலும் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்வதும் ஸ்பிரிங். அமுங்கி மீண்ட அந்த ஸ்பிரிங் ஓயாமல் ஆடிக்கொண்டே இராதபடி, அதன் ஆட்டத்தைச் சிறு துவாரங்களின் வழியே எண்ணெயை நெருக்கி, உஷ்ணமாக மாற்றி, காற்றில் கலைத்துவிடுவதே ஷாக்கின் தொழில். சக்கரத்தைத் தரையோடு சேர்த்து வைத்திருக்கும் இந்த மௌனமான கைங்கரியத்தை உணராமல், இறுக்கம் என்பதையே வேகம் என்று எண்ணிப் பணத்தைச் செலவிடுகிறவர்களை, கிள்ளானில் நான் பட்டறை நடத்திவரும் இத்தனை வருஷங்களில் நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டேன்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இளைஞர் சிவப்பு நிற எம்எக்ஸ்-5 ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மஸ்தா நிறுவனம் 1989-இல் வெளியிட்ட முதல் தலைமுறையைச் சேர்ந்த வண்டி அது; ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை; நான்கு சக்கரங்களிலும், மேலும் கீழும் இரு கைகள் சக்கரத்தைத் தாங்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு; குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாதல் என்று பொருள்படும் ஜப்பானியத் தொடர் ஒன்றையே இலட்சியமாகக் கொண்டு உருவாக்கப்பட்டது.

“அண்ணே, எட்டுக் கிலோ ஸ்பிரிங்கோட காயில்ஓவர் ஒரு செட் பார்த்து வச்சிருக்கேன். முப்பத்திரண்டு கிளிக். வண்டியை ரெண்டு இஞ்சு இறக்கிடணும்” என்றார். காயில்ஓவர் என்பது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இணைந்த அமைப்பு; கிளிக் என்பது ஷாக்கின் தடையைக் கூட்டிக் குறைக்கும் திருகின் ஒரு படி.

“போடலாம் தம்பி. முதல்ல இருக்கிறதைக் கழட்டிப் பார்ப்போம்” என்றேன்.

கழற்றிய ஷாக்கை மேசைமேல் நிறுத்தி, அதன் தண்டை உள்ளங்கையால் அழுத்தியபோது, முதல் ஓர் அங்குலம் எவ்விதத் தடையுமின்றி உள்ளே சென்றது; எண்ணெய் கசிந்து தூசியோடு சேர்ந்து கறுத்த பசையாகக் கழுத்தில் ஒட்டியிருந்தது. தண்டின் மேற்புறத்தில் மெத்தைபோல் இருக்கவேண்டிய பம்ப் ஸ்டாப்பை விரலால் தொட்டதும் பழைய பஞ்சைப்போல மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. விஷ்போன்களின் ரப்பர் புஷ்கள் வெடித்துக் கிடந்தன. வண்டி குதிக்கிறது, பின்பக்கம் அலைகிறது என்று அவர் சொன்ன குறைகள் யாவற்றிற்கும் காரணம் அந்த மேசையின்மேலேயே இருந்தது. எட்டுக் கிலோ ஸ்பிரிங்கினால் அவற்றில் ஒன்றேனும் தீர்ந்திராது.

இந்த ‘கிலோ’ என்னும் கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். எட்டுக் கிலோ ஸ்பிரிங் என்றால் ஒரு மில்லிமீட்டர் அமுங்க எட்டுக் கிலோ பாரம் கேட்கும் ஸ்பிரிங் என்று அர்த்தம். ஆனால் விஷ்போன் வண்டியில் ஸ்பிரிங், சக்கரத்தின்மேல் நேராக நிற்காமல், விஷ்போன் கையின் நடுப்பகுதியில் ஊன்றி நிற்பதால், சக்கரம் பத்து மில்லிமீட்டர் எழும்பும்போது ஸ்பிரிங் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டரே அமுங்குகிறது. அந்த விகிதத்தை ஒரு முறையன்று, இரு முறை பெருக்கவேண்டும் என்பதே பலர் மறந்துவிடும் சூத்திரம். ஏழேழ் நாற்பத்தொன்பது, ஆகவே ஸ்பிரிங்கின் பலத்தில் பாதியே சக்கரத்தைச் சென்றடைகிறது. சக்கரம், பிரேக் முதலியவற்றின் எடையை நீக்கினால், இந்த வண்டியில் ஒவ்வொரு மூலையும் ஸ்பிரிங்கின்மேல் ஏற்றும் பாரம் சுமார் 205 கிலோ. இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், எட்டுக் கிலோ ஸ்பிரிங்கில் வண்டி வினாடிக்கு 2.2 தடவை ஆடும் சுபாவத்தைப் பெறுகிறது. ஐந்து கிலோவில் 1.7 தடவை. முன்னது பந்தயத் தளத்தின் வழவழப்பான தாருக்கு ஏற்றது. பின்னது, குவாலா குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பாதையைப்போல, வளைவுக்கு வளைவு ஒட்டுப்போட்ட, மழையில் நனைந்த, மரவேர்கள் மேடாக்கிய சாலைக்கு ஏற்றது. அந்த இளைஞர் வருஷத்தில் இரண்டு நாள் சிப்பாங் பந்தயத் தளத்துக்கும், ஏனைய நாட்களில் இத்தகைய சாலைகளுக்கும் போகிறவர்.

இறுக்கமான ஸ்பிரிங்கின் ஆபத்தை நான் அறிந்தது பிறர் சொல்லியன்று. தொழில் பழகிய புதிதில், என் சொந்த வண்டிக்குக் கடினமான ஸ்பிரிங்குகளைப் பூட்டி, அவற்றின் மீட்சியை அடக்கும் வலுவில்லாத பழைய ஷாக்குகளையே விட்டுவைத்து, காராக் நெடுஞ்சாலையில் மழை விட்ட ஒரு மாலையில் இறங்கிவந்தேன். வளைவின் நடுவே ஒரு சிறிய ஒட்டு; அதன்மேல் ஏறிய பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது. தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது? வண்டி பக்கவாட்டில் சறுக்கிச் சென்று இரும்புத் தடுப்புக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை அந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றினேன்.

லோட்டஸ் கார்களைப் படைத்த காலின் சாப்மன் இந்த உண்மையை எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே அறிந்திருந்தார். 1962-இல் வெளிவந்த அவருடைய எலான், மிருதுவான ஸ்பிரிங்குகளோடு, சக்கரம் தாராளமாக ஏறி இறங்க இடம்விட்டு அமைக்கப்பட்ட வண்டி. வளைவுகளில் அது காட்டும் நிதானத்தை இன்றும் வல்லுநர்கள் போற்றுகிறார்கள்.

ஷாக்கில் இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என்று இரண்டு ஜாதி உண்டு. இரட்டைக் குழாயில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருப்பதால், இடைவிடாத ஓட்டத்தில் எண்ணெய் நுரைத்து வலுவிழக்கக்கூடும். ஒற்றைக் குழாயில் நகரும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் அழுத்தமேற்றிய நைட்ரஜனையும் பிரித்துவைக்கிறது. வெளிச்சுவரே எண்ணெயைத் தொடுவதால் உஷ்ணமும் விரைவில் வெளியேறுகிறது. பில்ஸ்டைன், கோனி, ஓலின்ஸ் ஆகிய நிறுவனங்களின் ஷாக்குகளுள் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. பூட்டப்போகும் ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி ஷாக்கின் வால்வு அமைந்திருக்கிறதா, பழுதானால் திறந்து புதுப்பிக்க முடியுமா, இடதும் வலதும் ஒரே அளவில் தடைகொடுக்கின்றனவா என்ற மூன்றைத்தான் கேட்பேன். மலிவான செட்டுகளில் முப்பத்திரண்டு கிளிக் இருக்கும். ஆனால் ஒரே திருகு அமுக்கத்தையும் மீட்சியையும் சேர்த்தே கூட்டும், இடதில் பத்தாவது கிளிக்கும் வலதில் பத்தாவது கிளிக்கும் ஒன்றாக இரா. எண்ணிக்கை பெரிதாக இருப்பதில் என்ன பிரயோஜனம்?

அந்தச் சிவப்பு வண்டிக்கு முதலில் புஷ்களை மாற்றினோம். அவற்றின் போல்ட்டுகளை, வண்டியைத் தூக்கித் தொங்கவிட்ட நிலையில் முறுக்காமல், சக்கரங்கள் தரையில் ஊன்றிப் பாரம் ஏறிய பிறகே முறுக்கவேண்டும். தவறினால் ரப்பர் எப்பொழுதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். பிறகு புதிய பம்ப் ஸ்டாப்புகள், ஒற்றைக் குழாய் ஷாக்குகள், முன்னால் ஐந்து கிலோ ஸ்பிரிங், பின்னால் அதைவிடச் சற்று மிருதுவானது. ஒவ்வொரு தண்டிலும் ஒரு கேபிள் டையைக் கட்டி, பிரேசர் மலைக்கு அனுப்பினேன். தண்டு உள்ளே போகப்போக அந்தச் சிறு பிளாஸ்டிக் வளையம் தள்ளப்பட்டு, எட்டிய எல்லையிலேயே நின்றுவிடும்; எந்த யந்திரமும் இல்லாமல் சக்கரத்தின் பிரயாணத்தை அளக்கும் உபாயம் இது. திரும்பி வந்தபோது வளையம் பம்ப் ஸ்டாப்பை இலேசாகத் தொட்ட அடையாளத்தோடு நின்றது. அதாவது, இன்னும் ஓர் அங்குலம் இறக்கியிருந்தால் அவர் ஸ்பிரிங்கின்மேல் ஓட்டியிருக்கமாட்டார், ரப்பர்க் கட்டையின்மேல் ஓட்டியிருப்பார்.

அவரே அதை விளக்கொளியில் குனிந்து பார்த்தார். “இறக்க வேண்டாம் அண்ணே” என்றார்.

அதன்பின் அலைன்மென்ட் பார்த்து, மீட்சியை இரண்டிரண்டு கிளிக்காக மட்டும் மாற்றி, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவது, மாற்றியதை நோட்டில் எழுதுவது என்ற என் பழைய நியமப்படி மூன்று வாரம் உழைத்தோம். 5.543 கிலோமீட்டர் நீளமும் பதினைந்து வளைவுகளும் கொண்ட சிப்பாங் தளத்தில் அவர் ஓட்டிவிட்டு நிறுத்தியபோது, ஷாக்கின் உடலில் கை வைத்தேன், சூடு பொறுக்கவில்லை. வேலை செய்த ஷாக் அப்படித்தான் இருக்கும்.

புதிய ஷாக் வாங்க எண்ணும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: கடைக்குப் போகுமுன், உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் பம்ப் ஸ்டாப்பை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.