கைப்பிடி வைத்த கறுப்புப் பெட்டி: பேத்தமங்களா குறிப்புகள்

கோலார் தங்கவயலுக்கு, அதாவது கோல்டுபீல்டுக்கு, பக்கத்திலுள்ள பேத்தமங்களாவில் ஒரு பழைய இரும்புக் கடை. தராசுக்குப் பக்கத்தில் கறுப்பு பேக்கலைட் பெட்டி ஒன்று கிடந்தது. பக்கவாட்டில் மடக்கி வைக்கிற கைப்பிடி, இரண்டு பித்தளை டெர்மினல், மேலே அழுக்கேறிய கண்ணாடி. பெயர்த் தகடு இருந்த இடத்தில் ரிவிட் ஓட்டைகள் மட்டும். "வேட்டு மிஷின்ணா. மைன்ல பாறை உடைக்கறது" என்றார் கடைக்காரர்.

*

அவர் அப்படி நினைத்ததில் நியாயம் உண்டு. சுரங்க ஊரில் கைப்பிடி சுற்றுகிற மின்பெட்டி என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. வெடிக்கு மின்சாரம் அனுப்பும் எக்ஸ்ப்ளோடர். சுற்றினால் மறுமுனையில் மணியடிக்கும் பழைய மாக்னெட்டோ டெலிபோன். மூன்றாவது, மின்கம்பியின் காப்பைச் சோதிக்கும் மெக்கர். எக்ஸ்ப்ளோடரின் கைப்பிடி பெரும்பாலும் தனியே கழன்று வரும். வெடி வைக்கிறவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வார், வேறு யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று. இந்தப் பெட்டியில் கைப்பிடி பெட்டியோடே இருக்கிறது. டெலிபோனுக்குரிய மணியும் இல்லை.

*

ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்ததும் முள் தெரிந்தது. பெட்டியை இடப்பக்கம் சாய்த்தால் முள் சாவகாசமாக நகர்ந்து, போன இடத்திலேயே நிற்கிறது. வலப்பக்கம் சாய்த்தாலும் அப்படியே. சாதாரண வோல்ட்மீட்டரில் முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுத்து வர ஸ்பிரிங் உண்டு. இதில் இல்லை. மெக்கர்தான் என்று அடையாளம் சொல்ல இது ஒன்றே போதும்.

மெக்கருக்குள் ஒரே அச்சில் இரண்டு காயில்கள் கோணமாகக் கட்டப்பட்டிருக்கும். ஒன்றில் ஜெனரேட்டரின் வோல்ட்டேஜுக்கு ஏற்ற கரண்டு, மற்றதில் சோதிக்கும் கம்பியின் காப்பு வழியே கசியும் கரண்டு. இரண்டின் இழுபறி எங்கே சமமாகிறதோ அங்கே முள் நிற்கும். அதனால் கை கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ சுற்றினாலும் கணக்கு பெரிதாகத் தப்பாது. இன்னும் துடைத்தபோது அளவுகோலின் ஒரு முனையில் பூஜ்யம், மறுமுனையில் படுத்த எட்டு போன்ற முடிவிலிக் குறி. கீழே பொடி எழுத்தில் எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ், லண்டன். மெக்கரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனி அதுதான்.

*

சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். வாங்கியதும் டெர்மினல்களைத் தொடாமல் ஒரு சுற்று. முள் முடிவிலிக்குப் போய் நின்றது. இரண்டு டெர்மினலையும் ஒரு கம்பித் துண்டால் சேர்த்து மெதுவாக ஒரு சுற்று. பூஜ்யத்துக்கு வந்தது. "உயிரோடதான் இருக்கு தம்பி. மெக்கர் போடாம கேபிள்ல கை வைக்க மாட்டோம்" என்றார்.

ஏன் என்பது கோல்டுபீல்டின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தை நினைத்தால் புரியும். 3 கிலோமீட்டருக்கும் கீழே பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டும். கூடவே புழுக்கமும் கசியும் நீரும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் காப்புத்தடை ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலெக்ட்ரீஷியன்களின் கைக்கணக்கு. அங்கே காப்பு விட்ட கேபிள் ஆளைக் கொல்லும்.

*

அதே கடையில் தகட்டோடு ஒரு மோட்டாரும் இருந்தது. தகட்டில் 25 சைக்கிள், அதாவது 25 ஹெர்ட்ஸ். இந்தப் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்தாலே சிவசமுத்திரம் நினைவுக்கு வரவேண்டும். கோல்டுபீல்டுக்குத் தண்ணீர் பேத்தமங்களா ஏரியிலிருந்து போனது. கரண்டு 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து வந்தது, சுமார் 147 கிலோமீட்டர் தூரம். அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களில் ஒன்று. நயாகராவைப் போலவே இங்கேயும் 25 சைக்கிள்தான். அந்த மோட்டாரை இன்றைய 50 சைக்கிளில் போட்டால் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றப் பார்க்கும். அதனால் பழைய மோட்டார் கிடைத்தால் பிளக்கைச் செருகுவதற்கு முன் தகட்டைப் படியுங்கள்.

*

மெக்கர் பெரும்பாலும் 500 வோல்ட்டோ அதற்கு மேலோ கொடுக்கும். விளையாட்டுக்குக்கூட ஆள் மேல் வைக்கக் கூடாது. நீளமான கேபிளைச் சோதித்த பிறகு அதில் தங்கிய சார்ஜை எர்த் பண்ணிவிட்டுத்தான் தொடவேண்டும். கிடைத்தது எக்ஸ்ப்ளோடராக இருந்து, கூடவே டெட்டனேட்டர் மாதிரி எதுவும் கண்ணில் பட்டால் எடுக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

*

2001இல் கோல்டுபீல்டு சுரங்கம் மூடப்பட்டது. பித்தளைக்கும் செம்புக்கும் விலை இருப்பதால் கடையில் முதலில் பெயர்த்தெடுப்பது பெயர்த் தகட்டைத்தான். எந்த ஊர்த் தயாரிப்பு, எத்தனை வோல்ட், எத்தனை சைக்கிள், எல்லாம் அந்த உள்ளங்கை அகலத் தகட்டோடு போய்விடுகிறது. கோல்டுபீல்டிலும் பேத்தமங்களாவிலும் வீட்டில் இப்படி ஏதாவது வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடுவதற்கு முன் தகட்டை ஒரு போட்டோ எடுத்து, இதை யார் எந்த ஷாஃப்டில் பயன்படுத்தினார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.