உங்களை எதற்குக் கூப்பிடுவார்கள்?

லிங்க்ட்இன் பக்கத்தில் 'அபௌட்' என்ற பகுதியில் 2,600 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் பக்கத்தைத் திறக்கிறவர் கண்ணில் படுவது முதல் சில வரிகள்தான். மிச்சத்தைப் படிக்க அவர் ஒரு தடவை தட்ட வேண்டும். அப்படித் தட்ட வைக்கும் வரிகளை மற்றவர்களோடு உட்கார்ந்து எழுதுவது கோயம்புத்தூரில் என் தொழில். அதற்கு முன்பு ஆள் எடுக்கும் வேலையில் இருந்தேன். படிக்கிறவர் எத்தனை அவசரத்தில் இருப்பார் என்பது தெரியும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் கையோடு ஒரு வரைவு கொண்டுவருவார்கள். 'டைனமிக்', 'ரிசல்ட் ஓரியண்டட்', 'பேஷனேட்', 'டீம் பிளேயர்'. இப்போது ஏஐயிடம் கேட்டு வாங்கிவிடுவதால் இலக்கணப் பிழை இருப்பதில்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் பக்கத்து சீட்டுக்காரருக்கும் அப்படியே பொருந்தும். இதைத் தற்பெருமை என்று பலர் கேலி செய்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. தான் செய்த வேலையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்தான் அடைமொழிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்.

அந்தக் கூச்சம் நமக்குப் புதிதில்லை. எத்தனை துறை கற்றுக் கரைகண்டாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்றுதான் நன்னூல் சொல்கிறது. அதை எழுதிய பவணந்தி முனிவர் அத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்குத் தொழிலே இல்லை. தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நான்கு இடங்களை அவரே விலக்காகத் தருகிறார்: அரசனுக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. முதல் இரண்டையும் படித்துவிட்டு, வேலை தேடுகிறவருக்கு இதைவிடத் தெளிவான அனுமதி யார் கொடுக்க முடியும் என்று கேட்பேன். நம் ஆற்றல் தெரியாத ஒருவருக்கு விண்ணப்பம் எழுதுவதுதானே இது?

திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் வேலை பார்க்கும் கெமிக்கல் இன்ஜினியர் ஒருவர் வந்தார். வரைவில் 'புரூவன் ட்ராக் ரெக்கார்ட்' இருந்தது. சாதனைகளைச் சொல்லுங்கள் என்று நான் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் அவார்டு, சர்ட்டிபிகேட் என்று போய்விடும். "பிளான்ட்ல எது கெட்டுப்போனா உங்களைக் கூப்பிடுவாங்க?" என்றுதான் கேட்டேன்.

"அதெல்லாம் பெருசா ஒண்ணும் இல்லீங்க மேடம். உப்பு கலரா வந்தா கூப்பிடுவாங்க."

அவ்வளவுதான், பிடி கிடைத்துவிட்டது. சாயமிட உப்பு வேண்டும். பட்டறையிலிருந்து வரும் கழிவுநீரை ஆர்.ஓ.வில் விட்டு நல்ல தண்ணீரைப் பிரித்தபின், மிஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கிக் குளிரவைத்து உப்பைப் படிகமாக எடுக்கிறார்கள். அந்த உப்பில் நிறம் தங்கிவிட்டால் வெளிர் ஷேடு போடுகிற பட்டறைக்காரர் அதைத் தொடமாட்டார். நிறம் எந்தக் கட்டத்தில் தப்பி வந்தது என்று பின்னோக்கித் தேடிப் பிடிப்பதுதான் இவர் வேலை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை அறிந்தவர்களுக்கு இந்த வேலையின் கனம் தெரியும். நொய்யல் ஆற்றில் கழிவு விடாமல் இருந்தால்தான் பட்டறை ஓடும் என்ற நிலையில், ஒரு ஊரின் பிழைப்பு இப்படிப்பட்டவர்கள் கையில் இருக்கிறது. இவரோ 'டீம் பிளேயர்' என்று எழுதிவைத்திருந்தார்.

ஆங்கிலத்தில் நாங்கள் எழுதிய தொடக்கத்தின் சாரம் இது: 'சாயக் கழிவுநீரிலிருந்து தண்ணீரையும் உப்பையும் மீட்டு, மறுபடி சாயப்பட்டறைக்கே அனுப்புகிறேன். மீட்ட உப்பில் நிறம் தெரிந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க என்னை அழைப்பார்கள்.' அடைமொழி ஒன்றுகூட இல்லை. இதற்குக் கீழேதான் 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்' என்பதை முழுதாகவும் சுருக்கமாகவும் போட்டோம். ஆள் தேடுகிறவர் எந்த வடிவத்தில் தட்டச்சு செய்வார் என்று சொல்ல முடியாது. நிறுவனத்தின் கணக்குகளில் எதை வெளியே சொல்லலாம் என்பதை மேலாளரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்தோம்.

நடுவே ஒரு சிக்கல் வந்தது. எல்லா வாக்கியத்தையும் 'நாங்கள்' என்றே தொடங்கினார். பணிவு மட்டும் காரணமில்லை. உண்மையிலேயே ஷிப்ட் ஆட்கள் சேர்ந்து செய்ததுதான். ஆனால் வேலைக்கு எடுக்கப்போவது இவர் ஒருவரை. ஆகவே ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, இதில் முடிவெடுத்தது யார், கையைப் போட்டுச் செய்தது யார் என்று கேட்டேன். முடிவு இவருடையதானால் 'நான்'. மற்றதெல்லாம் 'நாங்கள்' என்றே இருக்கட்டும். இந்தப் பிரிப்பை நேர்மையாகச் செய்துவிட்டால் கூச்சம் பாதி குறைந்துவிடுகிறது.

குழந்தைக்காகவோ, பெற்றோர் மருத்துவத்துக்காகவோ சில வருடம் வேலையை விட்டிருந்த பெண்கள் அந்த இடைவெளியை எப்படி மறைப்பது என்று கேட்டு வருவார்கள். மறைக்காதீர்கள். 2022லிருந்து அதைப் பதிவதற்கென்றே லிங்க்ட்இனில் இடம் இருக்கிறது. சுருக்கத்தில் ஒரே வரி போதும், மன்னிப்புக் கேட்கும் தொனி மட்டும் கூடாது.

கடைசி வரி பற்றியும் சொல்ல வேண்டும். நூலுக்கு முன்னுரையாக அமையும் சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டியவை என்று இலக்கணம் அடுக்கும் எட்டில் 'கேட்போர்', 'பயன்' இரண்டும் உண்டு. யாருக்காக, அவருக்கு என்ன பயன் என்பதைச் சொல்லாமல் 'ஓப்பன் டு ஆப்பர்ச்சூனிட்டீஸ்' என்று முடித்தால் எதற்கு அழைப்பது என்று படிப்பவருக்குத் தெரியாது. திருப்பூர்க்காரர் தோல், காகித ஆலைகளின் கழிவுநீரிலும் வேலை செய்ய விரும்பினார். அதை அப்படியே எழுதினோம்.

எல்லாம் முடிந்தபின் தயங்கிக்கொண்டே கேட்டார்: "ஷிப்ட் பசங்க பேரையும் இதுல போட்டுடலாமுங்களா?" இதில் போட முடியாது, ஆனால் பாயிரத்தை ஆசிரியரும் உடன்படித்தவரும் எழுதித் தருவதுபோல, ஒருவருக்காக மற்றவர் எழுதும் பரிந்துரைப் பகுதி லிங்க்ட்இனில் தனியாக இருக்கிறது என்று சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து தன் ஆப்பரேட்டர் ஒருவருக்காக எழுதினார். 'சின்சியர், ஹார்ட் ஒர்க்கிங்' என்று ஆரம்பித்ததும் நிறுத்தினேன். "நடுராத்திரியில எதுக்கு அவருக்குப் போன் போடுவீங்க?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுதியதை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.