கேட்காமல் கொடுத்த பாட்டி

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 32 வருஷம் 'அ'னா, 'ஆ'வன்னா சொல்லிக் கொடுத்தவள் நான். "டீச்சர், இவன் வாயையே திறக்க மாட்டான்" என்று தாய்மார்கள் கொண்டு வந்து விட்ட பிள்ளைகள், என் வகுப்பில் மூன்றே மாதத்தில் மூச்சு விடாமல் பேசியிருக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அந்தப் பெருமைக்கு வந்த பரீட்சைதான் என் பேரன்.

பயலுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. ஓடுவான், குதிப்பான், என் மூக்குக் கண்ணாடியை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைப்பான். எல்லாச் சாமர்த்தியமும் உண்டு. பேச்சு மட்டும் இல்லை. "ம்", "ஆ", "த்தா" இந்த மூன்றும்தான் அவனுடைய அகராதி.

மருமகள் வேலைக்குப் போகிறவள். காலை எட்டரைக்கு மாம்பலத்தில் மின்சார ரயிலைப் பிடித்தால், வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடும். ஒரு நாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"அத்தை, இவன் வயசுப் பிள்ளைங்க எல்லாம் ரெண்டு ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசுதுங்க. டாக்டர்கிட்டே ஒரு தடவை காட்டலாமா?"

"ஆம்பிளைப் பிள்ளை கொஞ்சம் நிதானமாத்தான் பேசும். உன் புருஷன் மூணு வயசுக்கு மேலேதான் வாயைத் திறந்தான்" என்று ஒரே போடாகப் போட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் எந்த வயதில் பேசினான் என்பது எனக்கு நினைவே இல்லை. அந்த நாட்களில் நான் ஊரார் வீட்டுப் பிள்ளைகளைப் பேச வைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

நாலு மாதம் ஓடிவிட்டது. மறுபடி கேட்டால் மாமியாருக்கு மனஸ்தாபம் வருமோ என்று மருமகளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் வாய் திறக்காதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

ஒரு நாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவர்கள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தூங்குகிற குழந்தையின் அருகில் உட்கார்ந்து, அவன் காதோடு காதாக, "ஒரே ஒரு தடவை அம்மான்னு சொல்லுடா" என்று கெஞ்சிக் கொண்டிருந்தாள் அவள். குரல் கம்மியிருந்தது. தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து படுத்தேன். தூக்கம் எங்கே வரும்? மறுநாள் காலை முதல் வேலையாக, "லீவு போடு, டாக்டரிடம் போகலாம்" என்றேன்.

முதலில் காதைப் பரிசோதித்தார்கள். பேச்சு வராத குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது காதைத்தானாம். காதில் விழாத சொல் வாயில் எப்படி வரும்? நல்ல வேளை, காதில் ஒரு குறையும் இல்லை. பிறகு பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் அவளுக்கும் இருக்கும்.

அவள் குழந்தைக்கு ஒரு பாடமும் நடத்தவில்லை. அரை மணி நேரம் எங்களையே கவனித்துக் கொண்டிருந்தாள். பேரன் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தான். நான் மூடியைத் திறந்துவிட்டேன். முந்தானையை இழுத்தான், பையிலிருந்து பொம்மைக் காரை எடுத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தான், உடனே கைப்பேசியில் பொம்மைப் பாட்டைப் போட்டேன்.

"பாட்டிம்மா, இவன் எதுக்காகப் பேசணும்? பேசாமலேதான் எல்லாம் கிடைச்சிடுதே!" என்றாள் அந்தப் பெண், சிரித்துக் கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. குழந்தை கேட்பதற்கு முன்பே கொடுப்பதுதான் பாசம் என்று நினைத்திருந்தேன். பேசுவதற்கு அவனுக்குக் கிடைத்த ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் நானே பிடுங்கிக் கொண்டிருந்தேன்.

கைப்பேசிக் கதையையும் ஒப்புக் கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு வாய்ச் சாதத்துக்கு ஒரு பாட்டு என்ற கணக்கில் நாள் முழுவதும் மூன்று மணி நேரம் ஓடிக் கொண்டிருந்தது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டதாம். கைப்பேசி பாடும், ஆடும். ஆனால் குழந்தை பதில் சொல்வானா என்று அது காத்திருக்காது.

அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தது மிகவும் எளிமையான காரியம். குழந்தை எதைப் பார்க்கிறானோ, அதைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை பேசுங்கள். பேசிய பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். "வாழைப்பழமா, கொய்யாவா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். அவன் "பா" என்றால், "பால்! சூடான பால்" என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். "சொல்லு, சொல்லு" என்று மட்டும் நச்சரிக்காதீர்கள். அவ்வளவுதான்.

பொம்மைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியிருக்குமோ என்று கேட்டேன். "உங்க சமையலறையே போதும்" என்றாள். எனக்குப் பளிச்சென்று பழைய பாடம் நினைவுக்கு வந்தது. 1939-ல் மரியா மாண்டிசோரி அம்மையார் நம் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். தண்ணீர் ஊற்றுவது, மேஜை துடைப்பது, பொத்தான் போடுவது போன்ற வீட்டு வேலைகளையே குழந்தைகளுக்குப் பாடமாக வைத்தவர் அவர். இதை எல்லாம் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவள்தானே நான்? வீட்டில் மட்டும் மறந்துவிட்டேன்.

மறுநாளே சமையலறைப் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. நான் காய் நறுக்கும்போது கத்தரிக்காய்களை அவன் கூடையில் அடுக்குவான். பெரிய கரண்டி ஒரு பக்கம், சின்னக் கரண்டி ஒரு பக்கம் என்று பிரிப்பான். துவைத்த துணியில் "இது அப்பா சட்டை, இது உன் சட்டை" என்று மடித்து வைப்போம். பட்டாணி, வேர்க்கடலை, சோழி, பொத்தான் போன்ற சின்னச் சாமான்களை மட்டும் கிட்டேயே கொண்டுவரவில்லை. மூக்கிலோ தொண்டையிலோ போய்ச் சிக்கினால் பெரிய ஆபத்து.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கைப்பேசியை நிறுத்திய முதல் மூன்று நாளும் வீடு போர்க்களந்தான். சாதம் சுவரில் ஒட்டியது. கீழ் வீட்டு அம்மாள் வந்து விசாரித்துவிட்டுப் போனாள். பத்து நாளாகியும் அகராதியில் அதே மூன்று சொற்கள். 'இந்த வயதில் எனக்கு இது வேண்டுமா?' என்றுகூடத் தோன்றியது. நடுராத்திரியில் கேட்ட அந்தக் கம்மிய குரல்தான் என்னை விடவில்லை.

பதினெட்டாம் நாள் மத்தியானம். தரையில் அகலமான தாம்பாளத்தை வைத்து, அவன் கையில் டம்ளரைக் கொடுத்து, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். தாம்பாளத்தில் கொட்டினான், சிரித்தான், டம்ளரை நீட்டினான். நான் ஊற்றவில்லை. செம்பைத் தூக்கிப் பிடித்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். செம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஏழு, எட்டு...

"இன்னு" என்றான்.

"இன்னும்! இன்னும் தண்ணி!" என்று ஊற்றினேன். கை நடுங்கியது. உடனே மருமகளுக்குப் போன் செய்யத்தான் ஓடினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். அந்தச் சொல்லை அவள் தன் காதால் கேட்க வேண்டும். என் வாயால் அல்ல.

இரவு ஏழு மணிக்கு அவள் செருப்பைக் கழற்றியதும், செம்பை அவள் கையில் கொடுத்தேன். "கொஞ்சம் ஊத்திட்டு நிறுத்து. பத்து வரைக்கும் எண்ணு" என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தாள். ஊற்றினாள், நிறுத்தினாள். குழந்தை டம்ளரை நீட்டி, "இன்னு" என்றான். பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "ம்மா, இன்னு" என்றான்.

செம்பு கையிலிருந்து நழுவியது. சமையலறை முழுவதும் தண்ணீர். வெகுநேரம் அதைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பேச்சுத் தாமதம் எல்லாமே பாட்டியின் செல்லத்தால் வருவதல்ல. காரணங்கள் பல உண்டு. சில குழந்தைகளுக்கு நீண்ட காலப் பயிற்சி வேண்டியிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டாலோ, இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலோ, "தானே பேசுவான்" என்று என்னைப் போல் நாலு மாதத்தை வீணாக்காதீர்கள். போய்க் காட்டுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. அதோடு, பெற்றவள் கவலைப்பட்டால், பெரியவர்களாகிய நாம் அதற்குக் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். முதலில் பரிசோதிக்க வேண்டியிருந்தது பேரனின் காதையா, என் காதையா என்று இப்போதும் சில சமயம் நினைத்துக் கொள்வேன்.

பயலுக்கு இப்போது மூன்றரை வயது. வாயை மூட வைக்க ஏதாவது பயிற்சி உண்டா என்று விசாரித்துக் கொண்டிருக்கிறோம். போன வாரம் ஒரு நாள் இரவு, கைப்பேசியில் தொடர் நாடகம் பார்த்துக் கொண்டிருந்தேன். படக் கதைப் புத்தகத்துடன் எதிரே வந்து நின்றான்.

"பாட்டி, கதை வேணுமா? போன் வேணுமா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தபடி பேசாமல் நின்றான்.

மனசுக்குள் பத்து வரை எண்ணினானோ என்னவோ!