நீருக்குள் நிற்கும் வேர்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நள்ளிரவு, எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த 100 லிட்டர் மீன்தொட்டிக்குள், அலங்காரத்துக்கென்று நான் வாங்கி வைத்திருந்த வேர்க்கட்டை தன்மேல் ஏற்றியிருந்த இரு கற்களையும் உருட்டிவிட்டு மேலே எழும்பிற்று. உருண்ட கல் விழுந்ததில் அடிக் கண்ணாடி கீறல் கண்டு, விடிவதற்குள் ஜலம் முழுவதும் கூடத்தில் பரவிவிட்டது. குழந்தைகள் பெயரிட்டு வளர்த்த மீன்களில் இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. கட்டையை விற்ற கடையில் போய்க் கேட்டபோது, மரம் என்றால் மிதக்கத்தானே செய்யும் என்று பதில் வந்தது. இந்தத் துயரத்தைக் கேட்ட நண்பர் ஒருவர்தான், கட்டையை நீருக்குள் நிறுத்துவதையே தொழிலாகக் கொண்ட பெரியவர் ஒருவர் கொளத்தூரில் இருப்பதாகச் சொல்லி, என்னை அழைத்துப் போனார்.

வண்ணமீன் வியாபாரத்துக்கு வடசென்னையில் பேர்போன இடம் கொளத்தூர். 1985-ஆம் ஆண்டு தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் சிறு பிராயத்தில் மீன் பார்த்து நின்ற என்னைப் போன்றவர்களுக்கு, வரிசையாய் மினுங்கும் அந்தத் தொட்டிகளைக் கண்டால் கால் தானாகவே நின்றுவிடும். பெரியவரின் இடமோ கடைவீதியில் இல்லை. ஒரு சந்தின் கோடியில், தகரக் கொட்டகையில், இரண்டு சிமெண்டுத் தொட்டிகளும் ஒரு மரப்பலகையுமாக இருந்தது.

தொட்டிகளில் தேயிலைக் கஷாயம் போன்ற நிறத்தில் ஜலம் நின்றது. அதன் அடியில், அம்மிக்கல்லாலும் உடைந்த ஆட்டுக்கல்லாலும் அழுத்தப்பட்டு, வேர்கள் வாரக்கணக்கில் ஊறிக்கொண்டிருந்தன. உலர்ந்த மரத்தின் நுண்ணிய துவாரங்களிலெல்லாம் காற்று குடியிருப்பதால்தான் அது மிதக்கிறது. அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு நீர் அங்கே குடியேறும் வரையில் மரம் மேலேதான் வரும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் மோபேன் கட்டை பிறவியிலேயே கனமானது, பெரும்பாலும் போட்டவுடன் அமிழ்ந்துவிடும். மற்றவற்றுக்கு மாதங்கள்கூடப் பிடிக்கும். கொதிக்க வைத்தால் காலம் குறையும். ஊறுகிறபோது இறங்கும் துவர்ப்புச் சத்துதான் நீருக்குச் செம்பழுப்பு நிறத்தைத் தருகிறது. அந்த நீரை அடிக்கடி மாற்றி ஊற்றுவதே பெரியவருடைய மனைவியின் காலைக் கடமை.

ஊற வைப்பதற்கு அவகாசமில்லாதவர்களுக்காகவும், ஊறியும் நிலைகொள்ளாமல் சாயும் கட்டைகளுக்காகவும் உள்ளது கல்லில் பிணைக்கும் வேலை. சமையல் மேடை போடுகிறவர்களிடம் மிஞ்சும் கிரானைட் துண்டுகளை அவர் வாங்கி வருகிறார். கடப்பாக் கல்லை மட்டும் தொடுவதில்லை. அது சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்ததாகையால் நாளடைவில் கரைந்து நீரைக் கடினமாக்கிவிடும். எனக்குக் காட்டுவதற்காக அதன்மேல் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்தார், நுரை பொங்கியது.

கல்லை மின்சார டிரில்லால் துளைத்தவர், கட்டைக்கு வந்ததும் அதை ஒதுக்கிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த துரப்பணத்தை எடுத்தார். கயிறு சுற்றிய வில்லை முன்னும் பின்னும் இழுக்கச் சுழலும் பழைய தச்சுக் கருவி. அவருடைய தந்தையார் கதவு நிலைகளுக்குத் துளையிட்டது. ஆலைக் கதவுகள் மலிந்து, நிலை வாசல் செய்வார் எவருமில்லாமல் போன காலத்தில், பக்கத்து மீன்கடைக்காரர் ஒருவர் வேரைக் கல்லில் பொருத்தித் தரக் கேட்டதிலிருந்து இந்த ஜீவனம் தொடங்கிற்றாம். துரப்பணம் எதற்கு என்றேன். “மிஷின்ல ஓட்டுனா உள்ள இருக்குற பொக்கு தெரியாது சார், கை சொல்லும்” என்றார். சொல்லிக்கொண்டே இழுத்தவர் சட்டென்று நிறுத்தி, வேரைத் திருப்பி, இரண்டு விரற்கடை தள்ளி வேறோர் இடத்தில் முனையை ஊன்றினார். முதல் துளையில் குச்சியை விட்டுப் பார்த்தேன்; உள்ளே மாவாய் உதிர்ந்தது.

துரு ஏறாத எவர்சில்வர் திருகுகள் கல்லின் அடியிலிருந்து ஏறுகின்றன. கண்ணாடியில் அழுந்தாதபடி அவற்றின் தலை கல்லுக்குள்ளேயே அமிழ்ந்துவிடுகிறது. தொட்டியின் இரு பக்கச் சுவர்களுக்கிடையே கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்துவோரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் உயர்ந்தது. ஊறி உப்பும் மரம் கண்ணாடியைப் பிளந்துவிடும் அல்லவா?

இவ்வளவு சிரத்தைக்கும் கிடைக்கும் கூலியைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. வேரை எடைக்கு வாங்குகிற வியாபாரி, அதை வடிவத்துக்கு விலை வைத்து விற்கிறார். நடுவே பல வாரங்கள் அதை ஊறவைத்து, துளைத்து, நிறுத்திக் கொடுத்தவருக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று அவர் எண்ணிக் கொடுப்பது, இருவர் சிற்றுண்டி அருந்தும் செலவைத் தாண்டாது. கல்லும் திருகும் மணலுக்குள் மறைந்துவிடுவதால், வாங்குகிறவர் கண்ணுக்கு அந்த உழைப்பே தெரிவதில்லை. தெரியாத உழைப்புக்கு விலை கேட்க வழியில்லை என்பதை நன்றாய் அறிந்துதான் தரகு வளர்கிறது. இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நான் கொண்டுபோயிருந்த என் பழைய கட்டையை அவர் கையில் வாங்கி எடை பார்த்தார். நகத்தால் கீறி முகர்ந்தார். கேட்ட கூலியைப்போல் இருமடங்கு கொடுக்க முன்வந்தேன். கேட்டதை மட்டும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கே பொருத்தித் தரும்படி வேண்டியதற்கு இணங்கவில்லை. சிமெண்டுத் தொட்டியில் இறக்கி, ஆட்டுக்கல்லை அதன்மேல் உருட்டி வைத்துவிட்டு, “அமாவாச கழிச்சு வாங்க சார்” என்றார். வெறுங்கையோடு பேருந்து ஏறினேன்.