இது கடி ஜோக் இல்ல பாஸ்!

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஒரு தடவையாவது போயிருக்கீங்களா? பழைய செல்போன் சார்ஜர்ல ஆரம்பிச்சு லவ் பேர்ட்ஸ் வரைக்கும் கிடைக்கிற இடம். கூண்டுக்குள்ள பஞ்சு உருண்டை மாதிரி முயல் குட்டியைப் பார்த்ததும் நம்ம பசங்க உருகிடுவாங்க. பேரம் பேசி, அட்டைப்பெட்டியில போட்டு, தாம்பரம், படப்பை வழியா ஒரகடம் வந்து இறங்கிடும். அடுத்த வாரமே, "மச்சி, கடிக்குதுடா!"

எங்க ரூம்ல நாலு பேர், ஆளுக்கொரு ஷிஃப்ட். திருவாரூர்க்கார ரூம்மேட் கொண்டு வந்த குட்டிக்கு 'நட்டு'ன்னு பேர் வெச்சோம் (ஃபேக்டரி புத்தி, விடுங்க!). ரெண்டு செருப்பு, ஒரு இயர்போன், பாயில ஒரு ஓரம்னு வரிசையா முடிச்ச நட்டு, கடைசியில அவன் விரலுக்கே வந்துடுச்சு. "ஏரிக்கரையில விட்டுடலாம்"னு கிளம்பிட்டான். அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. கூண்டுல பிறந்த வெள்ளை முயலுக்குப் பதுங்கத் தெரியாது. புதர்க்காட்டுல ஓடுற பழுப்பு முயல் வேற இனம். தெருநாய் கண்ணுல பட்டா அன்னிக்கே கதை முடிஞ்சுது. அதனாலதான் நட்டு ஏன் கடிக்குதுன்னு உட்கார்ந்து தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு.

முயலுக்கு மொத்தம் 28 பல். எல்லாமே சாகுற வரைக்கும் வளரும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர்! தேயலைன்னா வளைஞ்சு வாயைக் குத்தி, சாப்பிடவே முடியாது. ஆக, கொறிக்கிறது சேட்டை இல்ல, அதோட அன்றாட வேலை. புதுப் பொருளைக் கையில எடுத்துப் பார்க்க அதால முடியாது, அதனால வாயால பார்க்குது.

விரல் மேட்டர் வேற. முயலுக்குக் கண்ணு பக்கவாட்டுல. மூக்குக்கு நேர் முன்னாடி இருக்கிறது தெரியாது. பரோட்டா சாப்பிட்ட கையை மூஞ்சிக்கு நேரா நீட்டினா என்ன நினைக்கும்? சோப்பு போட்டுக் கை கழுவிட்டு, பக்கவாட்டுல இருந்து நெத்தியைத் தடவுங்க. கடிச்சா "ஆ!"ன்னு சுருக்கமா ஒரு சத்தம், மெதுவா தலையைத் திருப்பி விடுங்க, அவ்வளவுதான். அடிச்சா பயத்துலயே இன்னும் கடிக்கும். நாலு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்குள்ள வயசுக் கோளாறுல மறுபடி கடி ஆரம்பிக்கலாம். அப்போ கருத்தடை பத்தி, முயல் பார்த்துப் பழக்கம் உள்ள கால்நடை டாக்டர்கிட்ட கேளுங்க.

தீனியில முக்கால்வாசி புல்தான். பல் தேயுறதே அதுலதான். அருகம்புல், கோ-4 தீவனப்புல் ரெண்டும் ஓகே. கன்டெய்னர் லாரி புகை படிஞ்ச ரோட்டோரப் புல் வேண்டாம். கேரட் சினிமாவுக்கு மட்டும், இல்லைன்னா எப்பவாவது ஒரு துண்டு.

ஒயர்தான் நிஜ ஆபத்து. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல 230 வோல்ட். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நீங்க அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறப்பதான் நட்டுக்கு ட்யூட்டி டைம். ஒயரை பி.வி.சி. பட்டிக்குள்ள விட்டு, பாக்ஸை ஆள் உயரத்துக்கு ஏத்திடுங்க.

இன்னொண்ணு, நம்ம ஏரியா ஸ்பெஷல். ஸ்ரீபெரும்புதூர் சுத்துவட்டாரத்துல கூண்டு செய்யணும்னா முதல்ல கைக்குக் கிடைக்கிறது பேலட் கட்டை. ஏற்றுமதி, இறக்குமதிக் கட்டையில முத்திரை இருக்கும். 'ஹெச்.டி.'ன்னா சூடேத்திப் பூச்சியைக் கொன்னது. 'எம்.பி.'ன்னா மெத்தில் புரோமைடுங்கிற விஷ வாயு போட்டது. எம்.பி. பக்கமே போகாதீங்க. ஆயில் கறை, பெயின்ட், முத்திரையே இல்லாதது எல்லாம் அதே கணக்கு, ஏன்னா கூண்டையும் அது கொறிக்கும். கொறிக்க அட்டைப்பெட்டி போதும், செலோடேப்பையும் பின்னையும் பிடுங்கிட்டுக் கொடுங்க. கொய்யாக் குச்சி கிடைச்சா செம.

அரை நாள் எதுவும் சாப்பிடலைன்னா 'நாளைக்குப் பார்க்கலாம்' கிடையாது, உடனே டாக்டர். பக்கத்துல ஆள் இல்லைன்னா சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

அப்ரண்டிஸ் காலம் ஒரு வருஷம். நட்டு நல்லா இருந்தா எட்டு, பத்து வருஷம். திருவாரூருக்கு போன் போட்டு அவங்க அம்மாகிட்ட கேட்டாச்சு. கொல்லையில கொய்யா மரம் இருக்காம்.