தாமே கட்டுதலும் கட்டுவித்தலும்

மோட்டார் வண்டி ஒன்று இல்லத்திற்கு வந்த அன்றே, அதற்கும் ஓர் இல்லம் வேண்டும் என்னும் எண்ணமும் உடன்வந்து புகுகின்றது. வெயிலும் மழையும் தாக்காமல், காக்கையெச்சமும் வேப்பம்பூவும் வீழாமல் அதனைக் காத்தற்கு ஒரு கொட்டகை இன்றியமையாததாகின்றது. அதனை நாமே முன்னின்று கட்டுவதா, கண்டிராக்டர் ஒருவரிடம் ஒப்புவிப்பதா என்பதே வினா. சென்ற ஆண்டு எம் இல்லத்தில் இவ்வினா எழுந்தபோது, அதன் விடையைப் பற்றி நின்றது என் மகளின் கல்லூரிச் சம்பளம்.

கண்டிராக்டர் கேட்ட தொகை ரூ. 2,60,000. பொருள்களை யாமே வாங்கி, ஆட்களை நாட்கூலிக்கு அமர்த்தினால் இரண்டு இலட்சத்திற்குச் சிறிது மிகுதியில் முடியும் என்று கணக்கிட்டேன். இடைப்பட்ட தொகை ஏறத்தாழ அவளுடைய ஓராண்டுச் சம்பளம். எனினும், அதனை முழுவதும் கண்டிராக்டரின் இலாபம் என்று கருதுதல் நீதியன்று. சாரக்கட்டைகளும் பலகைகளும் அவருடையவை. ஆள் வாராத நாளின் இடரும், திடீரென ஏறும் சிமெண்டு விலையும், மணல் வண்டியை எதிர்நோக்கித் தெருவில் நிற்கும் பொழுதும் அவரையே சாரும். அவர் விற்பது சுவரை மட்டும் அன்று. நம் மனத்தின் அமைதியையும் அன்றோ விற்கின்றார்!

தாமே கட்டுதலின் பெருமையைப் பேசுவோர் அமெரிக்க அறிஞர் தோரோவைச் சான்று காட்டுவர். அவர் 1845-ஆம் ஆண்டில் வால்டன் குளக்கரையில் 10 அடி அகலமும் 15 அடி நீளமும் உடைய குடில் ஒன்றைத் தம் கையால் அமைத்தார். அதற்கான செலவு 28 டாலர் 12½ செண்டு என்று கணக்கும் எழுதி வைத்தார். அதனினும் சிறிதே பெரிதான கல்லூரி மாணவர் அறை ஒன்றிற்கு ஆண்டு வாடகை மட்டும் 30 டாலர் என்று அவர் ஒப்பிட்டுக் காட்டியதை மாணவர்கள் அறிந்து மகிழலாம். ஆயின் அக்கணக்கை ஊன்றி நோக்குவோர் வேறு சிலவும் காண்பர். குடில் நின்ற நிலம் அவர் நண்பர் எமர்சனுடையது. பலகைகள் பழங்குடிசை ஒன்றை விலைக்கு வாங்கிப் பிரித்தவை. மரச்சட்டத்தைத் தூக்கி நிறுத்திய நாளில் நண்பர் சிலர் வந்து தோள் கொடுத்தனர். தம் உழைப்பிற்கோ அவர் ஒரு செண்டும் கூலியாக எழுதவில்லை. ஆகவே, முற்றிலும் தனித்து நின்று கட்டினார் எவரும் இலர் என்பதற்கே அக்குடிலும் சான்றாகின்றது.

இனி எம் கொட்டகையின் அளவைக் கூறுவேன். உள்ளளவில் நீளம் 18 அடி, அகலம் 10 அடி, சுவரின் உயரம் 8 அடி, கனம் முக்காலடி. முன்புறம் கதவாதலின் சுவர் மூன்று பக்கமே. இதற்கு ஏறத்தாழ 4,000 செங்கற்கள் வேண்டும். கைதேர்ந்த கொத்தனார் நாளொன்றுக்கு ஐந்நூறு கற்கள் அளவில் வைப்பார். கரணையை முதன்முறை பிடிப்பவன் அதில் நான்கில் ஒரு பங்கையும் எட்டான். எட்டினும் அவன் சுவர் தூக்குக்குண்டிற்கு விடை சொல்லாது. ஆதலின் கொத்து வேலையை மேஸ்திரி ஒருவரிடம் நாட்கூலிக்கு ஒப்புவித்தோம். இரும்புச் சட்டமும் தகரக் கூரையும் உயரத்தில் செய்யும் வேலையாதலின் பட்டறைக்காரர் ஒருவருக்குப் பேசிய தொகைக்கு விட்டோம். நகராட்சியின் அனுமதி பெறுதல், பொருள் வாங்குதல், கல்லை நனைத்தல், சுவருக்கு நீர் காட்டுதல் ஆகியவற்றை எமக்கென வைத்துக்கொண்டோம்.

நீர் காட்டும் வேலை எளிதெனத் தோன்றும், கைவிடப்படுவதும் அதுவே. சிமெண்டு காய்ந்து இறுகுவதன்று. நீருடன் கூடி இறுகுவது. ஆகவே முதல் ஏழு நாட்களேனும் அதனை ஈரம் வற்றாமல் காத்தல் வேண்டும். என் மகள் கல்லூரிக்குப் புறப்படுமுன் காலையிலும், யான் மாலையிலும் அப்பணியைச் செய்தோம். தரைக்கு நீர் மட்டம் பார்க்கும் குழாயைப் பிடிக்கவும் அவளே கற்றாள். பதினெட்டு அடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் விட்டால்தான் வண்டி கழுவிய நீர் வாயிலை நோக்கி ஓடும் என்பதை எந்தப் பாடநூலிலும் அவள் படித்திலள்.

ஒருநாள் நண்பகலில் மழை வந்து வேலை நின்றது. இரண்டு மணி நேரத்திற்குப்பின் மீண்டும் தொடங்கியபோது தொட்டியில் எஞ்சிய கலவை இறுகத் தொடங்கியிருந்தது. சித்தாள் அதில் நீர் ஊற்றிக் குழைக்க முற்பட்டார். மேஸ்திரி தடுத்து, அதனை எடுத்துக் கொட்டச் சொன்னார். "ஏன் மேஸ்திரியாரே, வீணாகின்றதே?" என்றேன். "ஐயா, இது செத்த கலவை. நீர் ஊற்றினால் இளகும், உயிர் வராது. பூசி மறைத்தால் தங்களுக்குத் தெரியாது, சுவருக்குத் தெரியும்" என்றார். யான் அருகில் இல்லாதிருப்பினும் அவர் அங்ஙனமே செய்திருப்பார் என்பதை அவர் முகம் காட்டிற்று. கண்காணிப்பால் திருட்டைத் தடுக்கலாம். நேர்மையை உண்டாக்க இயலாது. தாமே கட்டுவோரும் இறுதியில் மற்றொருவர் கையையே நம்பி நிற்கின்றனர்.

பணி ஏழு வாரங்களில் முடிந்தது. கண்டிராக்டர் குறித்த காலம் ஒரு மாதம். மொத்தச் செலவு ரூ. 2,08,000. என் ஒன்பது நாள் விடுமுறைக்கும் மாலைப்பொழுதுகளுக்கும் கூலி எழுதினால் மிச்சத்தில் பாதி கரையும். ஆயினும் கையில் நின்ற பணம் பணமே; மகளின் சம்பளம் கடனின்றிக் கட்டப்பட்டது.

ஓய்வில்லாதவரும் வெளியூரில் இருப்பவரும் கண்டிராக்டரை நாடுதலே நன்று. அவர்கள் பொருளின் தரம், சுவரின் கனம், முடியும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பெறுக. வேலை முடிந்த அளவிற்கே பணம் தருக. கட்டட வேலையில் குறை நேரின் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிடவும் வழியுண்டு. ஓய்வும் பொறுமையும் உடையவரோ, தம்மால் இயல்வது இது, இயலாதது இது என முதலில் பிரித்தறிந்து, பின்னரே கடைக்காலுக்குக் கயிறு பிடிப்பாராக. மாணவ நண்பர்களே, எவ்வழியை மேற்கொள்ளினும், செங்கல் எங்ஙனம் அடுக்கப்படுகின்றது என்பதை வாழ்வில் ஒருமுறையேனும் அருகிருந்து காண்மின். அதனைக் கண்டவர் கொத்தனாரிடம் கூலியைக் குறைத்துப் பேச நாணுவர்.