என் கைகள் கற்ற பாடம்

“கை வலிக்கிறது” என்று யாராவது சொன்னால், “எழுதச் சோம்பல்” என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். சென்ற அரையாண்டுத் தேர்வு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அன்று சமூக அறிவியல் தேர்வு. எல்லா விடைகளும் எனக்குத் தெரிந்தவை. இரண்டு மணி நேரம் வரை எழுத்து மணிமணியாக வந்தது. பிறகு கட்டைவிரலின் அடியில் ஒரு வலி தொடங்கி, மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஏறிற்று. பேனாவை இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க எழுத்து கோணிற்று. கடைசி வினாவுக்கு வந்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. மணி அடித்துவிட்டது. நன்றாகப் படித்திருந்த எட்டு மதிப்பெண் விடையை எழுதாமலே தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். பொதுத் தேர்விலும் இப்படி ஆனால் என்ன செய்வது? மூன்று மணி நேரத் தேர்வுகள் ஐந்து அல்லவா எழுத வேண்டும்!

வீட்டுக்கு வந்தபோது ஆச்சி திண்ணையில் அமர்ந்து, மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர் என்று கடையத்தைப் புத்தகங்கள் சொல்லும். எங்களுக்கோ அது பீடி சுற்றும் கைகளின் ஊர். இலையை நனைத்து, அளவுத் தகரம் வைத்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆயிரம் பீடி என்றால் அதே விரல்கள் அதே வேலையை ஆயிரம் முறை செய்கின்றன.

என் கதையைக் கேட்டதும் ஆச்சி சிரித்தார்கள். “ஒனக்கு மூணு மணி நேரம். எனக்கு நாப்பது வருசம்லா!” என்றார்கள்.

‘சரிதான், ஓயாமல் உழைத்தால் கைக்குப் பலம் வந்துவிடும்’ என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். தாத்தா வாலிப வயதில் சுற்றிய கர்லாக்கட்டை ஒன்று பரணில் கிடந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதை இறக்கி, ஐம்பது முறை சுற்றினேன். மறுநாள் காலையில் மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான்கு நாட்கள் பேனாவைத் தொட முடியவில்லை. “ஆம்பளையாளு சுத்துற கட்டைய நீ எதுக்குட்டி தொட்ட?” என்று அம்மாவிடம் வசவு வேறு.

பள்ளியில் எங்கள் உடற்கல்வி ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. என் முன்கையைத் தொட்டு, விரல்களை மடக்கச் சொன்னார்கள். முழங்கைக்குக் கீழே தசை துள்ளிற்று. “விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, இங்கே இருக்கின்றன. கிணற்றுக் கயிறு வாளியை இழுப்பதுபோல் தசைநாண்கள் விரலை இழுக்கின்றன” என்று விளக்கினார்கள். ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றில் 8 சிறு எலும்புகள் மணிக்கட்டில் மட்டும் உள்ளன. தசை சில வாரங்களில் பலம் பெறும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவாகையால், அது தேற மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் கயிறுதான் முதலில் நைந்துபோகும். என் வீக்கத்தின் காரணம் அப்போதுதான் புரிந்தது.

வீக்கம் வற்றிய பிறகு அவர்கள் எனக்கு அமைத்துத் தந்த பயிற்சியை, தோழியருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்கள் மட்டும், நாளுக்குக் கால் மணி நேரம் போதும்.

முதலில் மணிக்கட்டை இரு பக்கமும் பத்துப் பத்து முறை மெதுவாகச் சுழற்ற வேண்டும். அடுத்து, நனைத்த துண்டை இரு கைகளாலும் முறுக்கிப் பிழிந்து, ஐந்து வரை எண்ணும்வரை பிடிக்க வேண்டும். வலப்பக்கம் ஐந்து முறை, இடப்பக்கம் ஐந்து முறை. மூன்றாவதாக, பாதித் தண்ணீர் உள்ள வாளியை ஒரு கையில் தூக்கி, தோள் சாயாமல் 20 விநாடி நிற்க வேண்டும். கைக்கு மூன்று முறை. நான்காவதாக, தடித்த புத்தகம் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே கவ்வி, 10 விநாடி தொங்கவிட வேண்டும். ஐந்தாவதாக, முன்கையை மேசைமேல் வைத்து, அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் உயர்த்தித் தாழ்த்த வேண்டும்; உள்ளங்கை மேல்நோக்கிப் பத்து, கீழ்நோக்கிப் பத்து. கடைசியாக, ஐந்து விரல்களையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, விரல்களைப் பதினைந்து முறை விரிக்க வேண்டும். நாம் நாள் முழுதும் விரலை மடக்குகிறோம், விரிப்பதை மறந்துவிடுகிறோம்.

சோர்வு வந்தால் பாதகமில்லை. சுரீரென்ற வலியோ மரத்துப்போதலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கொஞ்சம் கூட்டலாம். “ஓய்வு நாளில்தான் கை வளரும். அதைத் திருடாதே” என்பது ஆசிரியையின் கண்டிப்பான கட்டளை.

இதற்கிடையே நூலகத்தில் ஒரு செய்தி கிடைத்தது. நம் நாட்டுக் கர்லாக்கட்டையை ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1830-களிலேயே லண்டனில், பெண்களுக்கான உடற்பயிற்சி நூல் ஒன்றில் அது இடம்பெற்றது. 1904-இலும் 1932-இலும் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றல் ஆண்களுக்கு ஒரு போட்டியாக இருந்தது. 1984-இல் பெண்களுக்கென்று சேர்க்கப்பட்ட தாள லய ஜிம்னாஸ்டிக்சில் அதே குடும்பத்தைச் சேர்ந்த சிறு கட்டைகள் வந்தன. இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அப்ப சின்னதா ஒண்ணு கடைஞ்சு தரச் சொல்லுவோம்” என்றார்கள். பொதுத் தேர்வு முடிந்ததும் அது வரும்.

ஆனால், அன்புத் தோழியரே, என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொன்று. ஒரு நாள் இரவு விழித்தபோது, ஆச்சி இருட்டில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தார்கள். “வலிக்கா ஆச்சி?” என்றேன். “மரத்துப் போவுது ளா. தெனம் இப்படித்தான்” என்றார்கள். பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் தூங்கிவிடுமாம். அப்பா மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய வழி உண்டு. அதில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஓயாத வேலையால் நாண்களின் உறை வீங்கினால் நரம்பு நசுங்கும் என்று அவர் விளக்கி, இரவில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் செய்வது பயிற்சி. ஆச்சி செய்தது உழைப்பு. இரண்டிலும் கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. என் கைக்கு நடுவே ஓய்வு நாள் உண்டு. ஆச்சியின் கைக்கு நாற்பது ஆண்டுகளில் அது கிடைக்கவில்லை. அந்தக் கைகள்தான் என் அப்பாவைப் படிக்க வைத்தன.

“ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சொளவைத் தொடாதீங்க ஆச்சி” என்றேன். “அன்னைக்குக் கூலிய யாரு தருவா?” என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் ஆச்சி கையை விரித்து நீட்டிக் கொஞ்சம் ஓய வேண்டும். குடத்தை இனி நான் தூக்குவேன். குடம் தூக்குவதும் எனக்குப் பிடிப் பயிற்சிதானே!

திருப்புதல் தேர்வில் கடைசி வினாவையும் எழுதி முடித்தேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. வாளியை இப்போது 45 விநாடி பிடிக்கிறேன். ஆனால் பேனாவை முன்போல் இறுக்குவதில்லை. பலம் வந்த கை இறுக்க வேண்டியதில்லை என்பதையும் கண்டுகொண்டேன்.

இந்த ஆண்டு முழுவதும் ஓயாமல் படிக்கத் துடிக்கும் என் வகுப்புத் தோழியருக்கு ஆச்சி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: “கை என்ன இரும்பாட்டி? அதுக்கும் தூக்கம் வேணும்லா.”